காணாமல் போகும் எடைகள்: ரெஸ்ட் வழியில் மெசேஜ் புரோக்கர்

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டுக்கு மென்பொருள் பார்த்துக்கொள்கிறேன். பறித்த பழத்தை எடை போடும் இடத்தில் டேப்லெட்டில் பதிகிறார்கள். அது சேலத்தில் உள்ள ஆக்டிவ்எம்க்யூ புரோக்கருக்கு (செய்திகளை வாங்கி க்யூ என்ற வரிசையில் வைத்து, கேட்பவருக்குக் கொடுக்கும் மென்பொருள்) ரெஸ்ட் வழியாக, அதாவது சாதாரண வெப் கோரிக்கைகளாகப் போகிறது. கூலிக் கணக்குப் போடும் பிஎச்பி புரோகிராம் மேலே எஸ்டேட் ஆபீஸில் ஓடுகிறது. அதுவும் ரெஸ்ட் வழியாகவே எடுக்கிறது. சில எடைகள் வருவதே இல்லை. சில இரண்டு முறை வருகின்றன. சில நேரம் க்யூவில் இருப்பதாகக் கன்சோல் காட்டுகிறது, எடுக்கப் போனால் காலி. கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வருகிறது. ரேபிட்எம்க்யூ என்ற வேறு புரோக்கருக்கு மாறிவிடலாமா?

பதில்: மாற வேண்டாம். ரேபிட்எம்க்யூவின் எச்டிடிபி வழியாகச் செய்தி எடுப்பது நிர்வாகிக்கான சோதனைக் கருவி மட்டுமே, நம்பகமான பட்டுவாடாவுக்கு அல்ல என்று அதன் ஆவணமே சொல்கிறது. புரோக்கரில் செய்தியைப் போட ரெஸ்ட் தாராளமாகப் போதும். எடுக்கத்தான் அது சரிப்படாது.

முதலில், காணாமல் போகும் எடைகள். கூலி எடையைப் பொறுத்தது என்பதால் இதுதான் அவசரம். நீங்கள் கெட் (எடுக்கும் கோரிக்கை) அனுப்பியதும் ஆக்டிவ்எம்க்யூவின் ரெஸ்ட் பகுதி உங்கள் சார்பில் ஒரு செய்தியை எடுத்து, எடுத்த கையோடு அக்னாலெட்ஜும் (பெற்றுக்கொண்டதாக ஒப்புதல், சுருக்கமாக அக்) செய்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் பதிலை உங்களுக்கு அனுப்புகிறது. அந்த இடைவெளியில் மலையில் சிக்னல் போனால் புரோக்கர் கணக்கில் செய்தி பட்டுவாடா ஆகிவிட்டது, உங்கள் கையில் ஒன்றும் இல்லை. திரும்பக் கேட்டால் அடுத்த செய்திதான் வரும். எத்தனை தடவை ரீட்ரை எழுதினாலும் இந்த ஓட்டை அடைபடாது.

அதனால் எடுக்கும் பக்கத்தை மட்டும் ஸ்டாம்புக்கு (புரோக்கரோடு பேசுவதற்கான ஓர் எளிய நெறிமுறை) மாற்றுங்கள். ஆக்டிவ்எம்க்யூவில் அது 61613 போர்ட்டில் கிடைக்கும், பிஎச்பிக்கு லைப்ரரியும் இருக்கிறது. சப்ஸ்கிரைப் செய்யும்போது அக் முறையை ‘கிளையன்ட்-இன்டிவிஜுவல்’ என்று கொடுங்கள். செய்தி வந்ததும் டேட்டாபேஸில் எழுதி, கமிட் ஆன பிறகு அக் அனுப்புங்கள். நடுவில் இணைப்பு அறுந்தால் புரோக்கர் அதே செய்தியைத் திரும்பத் தரும். இதில் கவனிக்க ஒன்று உண்டு: உங்கள் புரோகிராம் நிராகரிக்கும் செய்தி, வழக்கமான அமைப்பில் ‘ஆக்டிவ்எம்க்யூ.டிஎல்க்யூ’ என்ற தனி க்யூவுக்குப் போய்விடும். கூலி போடும் முன் அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

இரட்டைப் பதிவு டேப்லெட் பக்கத்துச் சமாச்சாரம். போஸ்ட் (அனுப்பும் கோரிக்கை) போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்தால் டேப்லெட்டுக்கு அது தெரியாது, திரும்ப அனுப்பும். அனுப்பத்தான் வேண்டும், அதைத் தடுக்காதீர்கள். எடை பதிந்த நொடியிலேயே டேப்லெட் எண்ணும் வரிசை எண்ணும் சேர்த்து ஓர் அடையாளம் உருவாக்கி, செய்திக்குள்ளேயே வையுங்கள். மறுபடி அனுப்பும்போதும் அதே அடையாளம் போகவேண்டும். டேபிளில் அந்த அடையாளத்தின் நெடுவரிசைக்கு யுனிக் கீ (ஒரே மதிப்பை இருமுறை ஏற்காத விதி) போட்டுவிட்டால் இரண்டாவது வரவு தானாக ஒதுக்கப்பட்டுவிடும். ஸ்டாம்பில் மறுபட்டுவாடா ஆவதற்கும் இதே காப்பு.

மூன்றாவது பிரச்சினை குக்கீ. ரெஸ்ட் வழியில் ஒவ்வொரு செஷனுக்கும் புரோக்கர் ஒரு கன்ஸ்யூமரை (செய்தி எடுப்பவர்) வைத்திருக்கும்; எந்த செஷன் என்று காட்டுவது குக்கீதான். உங்கள் புரோகிராம் குக்கீயைத் திருப்பி அனுப்பவில்லை போலிருக்கிறது. அதனால் ஒவ்வொரு கெட்டுக்கும் புதுக் கன்ஸ்யூமர் பிறக்கிறது. பழையது, அடுத்த செய்தியைத் தனக்கென ஒதுக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். செஷன் காலாவதியானதும் அது க்யூவுக்குத் திரும்பும். நீங்கள் பார்க்கும் ‘தானாக வருகிறது’ இதுதான். ஸ்டாம்புக்கு மாறியதும் இது ஒழிந்துவிடும். அதுவரை ஒவ்வொரு கெட்டிலும் ஒரே ‘கிளையன்ட்ஐடி’யைக் கொடுத்துச் சமாளியுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. ரெஸ்ட்டும் நிர்வாகக் கன்சோலும் ஒரே 8161 போர்ட்டில்தான் இருக்கின்றன. ஆக்டிவ்எம்க்யூ 5.16 பதிப்பு முதல் அது அந்த மெஷினுக்குள் மட்டுமே கேட்கும்படி வருகிறது. டேப்லெட் சேரவேண்டும் என்று அதை 0.0.0.0 (எல்லா முகவரியிலும் கேட்கும்படி) ஆக மாற்றியிருந்தால், கன்சோலையும் உலகத்துக்குத் திறந்துவிட்டீர்கள், மாற்றாமல் விட்டிருந்தால் அதுவும் வழக்கமாக வரும் அட்மின்–அட்மின் பாஸ்வேர்டோடு. பழையபடி மாற்றிவிட்டு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரைக் காவலாக வையுங்கள். எச்டிடிபிஎஸ்ஸில், செய்தி அனுப்பும் பாதையை மட்டும், போஸ்டுக்கு மட்டும் திறங்கள். ஸ்டாம்ப் விபிஎன் வழியாகப் போகட்டும். ஆக்டிவ்எம்க்யூவின் சொந்த நெறிமுறை ஓடும் 61616 போர்ட்டை வெளியே காட்டவே கூடாது. 2023 அக்டோபரில் வெளியான கோளாறில், அந்த போர்ட் வழியாக வெளியாள் சர்வரில் தன் இஷ்டத்துக்குக் கட்டளை ஓட்ட முடிந்தது. 5.15.16, 5.16.7, 5.17.6, 5.18.3 ஆகிய பதிப்புகளில் அது சரிசெய்யப்பட்டது. உங்களுடையது அந்தந்த வரிசையில் அதற்கும் பழசு என்றால் முதல் வேலை அப்டேட்தான்.

ஒரே எஸ்டேட், ஒரே கணக்கு புரோகிராம் என்றால் உண்மையில் புரோக்கரே தேவையில்லை. டேபிளில் எழுதும் சின்ன வெப் சர்வீஸ் போதும். இருந்தாலும் ஓடுகிறதைப் பறிப்பு சீசன் நடுவில் பிடுங்காதீர்கள்.

மாற்றியதும் இப்படிச் சோதியுங்கள்: டேட்டாபேஸில் எழுதியதற்கும் அக் அனுப்புவதற்கும் நடுவே பத்து நொடி ஸ்லீப் போட்டு, அந்த நேரத்தில் புரோகிராமைக் கொன்றுவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள். டேபிளில் அந்த எடை ஒரு முறையும், க்யூவில் பாக்கி பூஜ்யமும் இருந்தால் சரி.