ஐயெல்ட்ஸ் (வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வு) ஸ்பீக்கிங் தேர்வில் ஆங்கில இடியம்களை (மரபுத்தொடர்களை) இயல்பாகப் பேசுவது எப்படி? எத்தனை மனப்பாடம் செய்தால் 9க்கு 7 வரும்?

'மனப்பாடம்' என்ற சொல்லைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் கையிலும் 'டாப் 100 இடியம்ஸ்' என்று ஒரு ஜெராக்ஸ் கட்டு இருக்கும் என்று நினைக்கிறேன். என்னிடமும் இருந்தது. கோச்சிங் ஃபீஸ் போக, ஸ்பைரல் பைண்டிங் போட்டதற்கு என்று தனியாக 120 ரூபாய் வாங்கினார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இங்கிலீஷ் டீச்சர் இல்லை. திண்டுக்கல் பக்கத்தில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்து, பி.எஸ்ஸி. நர்சிங் படித்தவள். இரண்டு தடவை எழுதித்தான் பாஸ் செய்தேன். "நான் முதல் தடவையே 8 வாங்கினேன்" என்பவர்கள் தாராளமாகத் தனிப் பதில் எழுதலாம்.

2019இல் முதல் தடவை. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ரைட்டிங்கில் 6.5, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். எனக்கு எப்போதும் ரைட்டிங்தான் பயம். ஸ்பீக்கிங் பற்றிக் கவலையே இல்லை, ஏனென்றால் நூறில் எழுபதாவது தலைகீழாகத் தெரியும். "ஒரு பதிலுக்கு ஒரு இடியம் போடும்மா, எக்ஸாமினர் அசந்துடுவாங்க" என்று கோச்சிங் சார் சொல்லியிருந்தார்.

கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டல் அறை. ஒரு மேஜை, ரெக்கார்டர், எதிரில் நடுத்தர வயதில் ஒரு அம்மா. முதல் பகுதி நாலைந்து நிமிஷம், வீடு, வேலை என்று சும்மா பேச்சு. அதில் என் வேலை "பீஸ் ஆஃப் கேக்", அதாவது ரொம்பச் சுலபம் என்று சொல்லி வைத்தேன். ஐசியு நைட் டூட்டி பீஸ் ஆஃப் கேக்காம்! அடுத்து க்யூ கார்டு, அதாவது பேச வேண்டிய தலைப்பு எழுதிய அட்டை, வந்தது: நீங்கள் மதிக்கும் வயதானவர் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள். யோசிக்க ஒரு நிமிஷம், குறித்துக்கொள்ள ஒரு பேப்பர், ஒரு பென்சில்.

அந்தப் பேப்பரில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? என்னை வளர்த்த அப்பத்தாவைப் பற்றி ஒரு வரி இல்லை. வரிசையாக நாலு இடியம் எழுதினேன். ஒவ்வொன்றாகச் சொல்லிப் பென்சிலால் டிக் வேறு அடித்துக்கொண்டேன். என் அப்பத்தா "ஃபிட் அஸ் எ ஃபிடில்" (திடகாத்திரம்). சினிமாவுக்குப் போவது "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" (எப்போதாவது). "ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" (கொட்டுகிற மழை) ஆனாலும் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விடுவார். கடைசியில் கம்பீரமாக, "ஷி கிக்ட் த பக்கெட் இன் 2016."

அந்த அம்மா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு முகத்தில் ஒன்றும் காட்டாமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒரு பெரிய மனுஷியிடம், "எங்க அப்பத்தா 2016ல மண்டையைப் போட்டுருச்சுங்க" என்று சொல்லியிருக்கிறேன். பாடையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை ஓடி அழுதவள் நான்.

இதில் எனக்கே பொறுக்காதது வேறு ஒன்று. வார்டில் ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டருக்குப் போன் போட்டு, "சார், பேஷன்ட் பாஸ்ட் அவே சார்" (காலமாகிவிட்டார்) என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அதுவும் இடியம்தான். சரியான இடத்தில், சரியான மரியாதையோடு, யோசிக்காமல் வாயில் வந்துகொண்டிருந்த இடியம். லிஸ்டில் இல்லை என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை நான்.

பதின்மூன்றாம் நாள் ரிசல்ட். லிசனிங் 7.5, ரீடிங் 7, ரைட்டிங் 6.5, ஸ்பீக்கிங் 6.5. மொத்தத்தில் 7 வந்தும் பிரயோஜனம் இல்லை. பயந்த ரைட்டிங் கரையேறிவிட்டது, பயப்படாத ஸ்பீக்கிங் கவிழ்த்துவிட்டது.

"ஒரு பக்கெட்டுக்காகவா அரை மார்க் போகும்?" என்று யாராவது கேட்பீர்கள். அப்படி நான் சொல்லவில்லை. சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நாலுக்கும் தனித்தனியாக பேண்ட் (மதிப்பெண்) போட்டு சராசரி எடுக்கிறார்கள். ரிசல்ட் தாளில் அதைப் பிரித்துக் காட்ட மாட்டார்கள். என் உச்சரிப்பில்கூடப் போயிருக்கலாம். ஆனால் அடுத்த இடியத்தைத் தேடித் தேடி நான் திக்கியதில் சரளமும் சேர்ந்து போயிருக்கும் என்பது என் கணிப்பு.

கோச்சிங் சார் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. பேண்ட் விவரக் குறிப்பைத் தேடிப் படியுங்கள், பொதுவில்தான் இருக்கிறது. சொல்வளத்தில் 7க்கு, அதிகம் பழகாத சொற்களும் இடியம் சார்ந்த வழக்குகளும் கொஞ்சம் வர வேண்டும், சில இடத்தில் பொருந்தாமல் போனாலும் பரவாயில்லை என்கிற மாதிரி இருக்கும். ஆனால் அதோடு, எந்த இடத்தில் எந்தச் சொல் என்ற உணர்வும் தெரிய வேண்டும் என்று சேர்த்துப் போட்டிருப்பார்கள். அந்த இரண்டாவது பாதியைத்தான் எங்கள் சென்டரில் யாரும் வாசித்துக் காட்டவில்லை.

இரண்டாவது தடவைக்கு நான் செய்தது சின்ன வேலை. நூறையும் எடுத்துவைத்து, ஒவ்வொன்றுக்கும் நம் ஊர்ப் பேச்சில் நேரான வழக்கு எது என்று பக்கத்தில் எழுதினேன். பிறகு, அந்தத் தமிழை எங்கள் காலேஜ் பிரின்சிபால் மேடம் முன்னால் சொல்வேனா என்று கேட்டுக்கொண்டேன். மாட்டேன் என்றால் கோடு போட்டு அடி. வாழ்க்கையில் ஒரு தடவைகூடச் சொல்லாதது என்றாலும் அடி. மிஞ்சியவை பதினைந்துகூட இல்லை. அதில் "கீப் ஆன் ஐ ஆன்" ஒன்று. அது எனக்குப் புதுசா? தினமும் டூட்டி மாற்றிக் கொடுக்கும் ஹேண்டோவரில் "நாலாம் பெட் மேல ஒரு கண்ணு வச்சுக்கங்க சிஸ்டர்" என்று சொல்கிறோமே!

அப்புறம் போனில் ரெக்கார்ட் போட்டு, டூட்டியில் அன்று நடந்ததை இரண்டு நிமிஷம் பேசுவேன். இடியம் வந்தால் வந்தது, வராவிட்டால் போகட்டும். இரண்டாவது தேர்வில் ஒருவருக்கு உதவிய சம்பவம் கேட்டார்கள். ஆபரேஷன் முடிந்து வந்த ஒரு தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். அன்று இரண்டு பேர் லீவு, "ரஷ்ட் ஆஃப் மை ஃபீட்" (நிற்க நேரமில்லை) என்று வந்தது. தாத்தாவுக்கு மயக்கம் தெளிந்ததைச் சொல்லும்போது "ஹி கேம் ரவுண்ட்" என்று வந்தது. இரண்டையும் நான் தேடவில்லை. 7.5 கிடைத்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. இந்த ரிசல்ட் இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். நான் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரி, பாண்டு (இத்தனை வருஷம் வேலை பார்ப்பேன் என்ற ஒப்பந்தம்) முடிந்த பிறகும் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் தராமல் ஏழு மாதம் இழுத்தது. ஹெச்ஆர் அறை வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, "மேடம் மீட்டிங்ல இருக்காங்க" என்பதை எத்தனை தடவை கேட்டிருப்பேன். மூன்று வருஷம் ராப்பகலாக உழைத்ததற்கு அரைப்பக்கக் கடிதம் தர என்ன குறைந்துவிடும்? நர்ஸ் பற்றாக்குறை என்று பேட்டி கொடுப்பவர்கள் அந்தச் சேரில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்க்கட்டும். சரி, விடுங்கள்.

இங்கே பிரிட்டனுக்கு வந்த பிறகு "கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" என்று ஒருவர் சொல்லியும் நான் கேட்டதில்லை. மழை கொட்டினால் எங்கள் வார்டு போர்ட்டர் சொல்வதை இங்கே எழுத முடியாது, தேர்விலும் சொல்ல முடியாது. வந்த முதல் மாதம், எண்பது வயதுப் பாட்டி ஒருவர் என் கையைப் பிடித்து மெதுவாக, "ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி, லவ்" என்றார். நான் அவருடைய லாக்கரைத் திறந்து பர்ஸை எடுத்துக் கையில் கொடுத்தேன். அந்தக் காலத்தில் பொதுக் கழிப்பறைக்கு ஒரு பென்னி காசு போட வேண்டுமாம், பாட்டி அவசரமாகப் போக வேண்டும் என்றிருக்கிறார். பக்கத்து பெட்காரர் சிரித்துச் சொன்ன பிறகுதான் பெட்பேனுக்கு ஓடினேன்.

என் ஸ்பைரல் புத்தகத்தில் அது இல்லை.