மொரீஷியஸிலிருந்து குடும்பத்தோடு முதல்முறை தமிழ்நாடு போகிறோம். பத்து நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

சென்னை, மாமல்லபுரம், தஞ்சாவூர், ராமேஸ்வரம், கன்னியாகுமரி, பழநி, ஊட்டி என்று பட்டியல் போட்டிருக்கிறீர்கள். டிசம்பர் விடுமுறை, கூடவே வயதானவர்கள் இருவர். முதலில் ஊட்டியை அடித்துவிடுங்கள். உங்கள் மொரீஷியஸிலேயே குளிருக்கு க்யூர்பீப் இருக்கிறது, தேயிலைத் தோட்டத்துக்கு புவா ஷெரி இருக்கிறது. பழநியும் உங்கள் வழியில் இல்லை. முருகனைப் பார்க்காமல் வர மனம் இல்லையென்றால் கடலோரத்திலேயே இன்னொரு படைவீடு இருக்கிறது, திருச்செந்தூர். சென்னையில் இறங்கிக் கடலை ஒட்டியே தெற்கே போய், கன்னியாகுமரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில் உள்ள திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுங்கள். மறுபடி சென்னைக்கு வந்து ஏறுவதென்றால் ஒரு முழு நாள் வீண்.

டிசம்பர் 15-க்கு முன்னால் கிளம்ப வேண்டாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை இந்தக் கரையில்தான் கொட்டும். புயலும் அப்போதுதான் வரும். டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்துவிடும். கோயில்களை வழக்கத்தைவிட முன்னதாகத் திறப்பார்கள், சென்னையில் கச்சேரி சீசனும் நடக்கும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் திட்டம் குலைவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: நடை சாத்தும் நேரம். பெரிய கோயில்கள் பலவற்றில் பகல் 12, 12:30 மணிக்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க நான்கு மணி ஆகும், சில ஊர்களில் ஐந்து. காலை ஒன்பதுக்குச் சாப்பிட்டுக் கிளம்பி, நூறு கிலோமீட்டர் ஓடி, பன்னிரண்டே காலுக்குப் பூட்டிய கதவைப் பார்த்து நிற்பார்கள். காலை ஒரு கோயில், மாலை ஒரு கோயில், நடுப்பகலில் பயணமோ அருங்காட்சியகமோ என்று வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை. சென்னையில் அந்த நேரத்துக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடம் பொருத்தம். வெள்ளிக்கிழமை விடுமுறை.

மாமல்லபுரத்தில் இரண்டு இரவு தங்குங்கள். இங்கே நடை சாத்தும் கவலை இல்லை, காலை 6 முதல் மாலை 6 வரை பார்க்கலாம். தொல்லியல் துறைச் சீட்டு இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. முகத்தைப் பார்த்து 40 ரூபாய் வரிசையில் நிற்கச் சொல்வார்கள், பிறகு வாசலில் பாஸ்போர்ட் கேட்டால் சங்கடம். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருப்பவர்களுக்கு இந்தியர் கட்டணமே. அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் அன்றைக்கு ஒரே சீட்டு போதும், தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கே பார்த்தது, அதனால் காலை வெயிலில்தான் உருவங்கள் தெளியும். நடுவில் ஒரு பிளவு, அதில் நாகங்கள். பிளவுக்கு வலப்புறம் பெரிய யானையின் காலடியில் பாருங்கள்: ஒரு பூனை பின்னங்காலில் நின்று கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது, கீழே எலிகள். பிள்ளைகளுக்கு இதைக் காட்டிவிட்டால் மீதிப் பாறையை அவர்களே தேடிப் பார்ப்பார்கள். ஐந்து ரதங்களில் கல் அடுக்கிக் கட்டியது எதுவுமில்லை, ஒவ்வொன்றும் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கியது. தருமராச ரதத்தின் மேல்தளங்கள் முடிந்து, அடித்தளம் கரடுமுரடாக நிற்பதைப் பார்த்தாலே வேலை எந்தத் திசையில் நடந்தது என்பது புரிந்துவிடும்.

அடுத்து சிதம்பரம். கோபுர வாயில்களின் உட்சுவரில் 108 கரணங்களும் (நடன நிலைகள்) வரிசையாக உண்டு, பரதம் கற்கும் பிள்ளைகள் இருந்தால் இதற்கே ஒரு மணி நேரம் வேண்டும். நடராசர் இருக்கும் சிற்சபை மேலே ஏற ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். அங்கிருந்து தஞ்சாவூர் போகும் வழியைக் கங்கைகொண்ட சோழபுரம் பக்கமாக வையுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் ராசராசன் 1010-இல் முடித்தது. கங்கைகொண்ட சோழபுரம் கோயில் அவர் மகன் ராசேந்திரனுடையது. வடக்குப் படிக்கட்டு ஓரமாக, சிவன் தன் அடியார் சண்டேசருக்குத் தலையில் பூமாலை சுற்றும் சிற்பத்தை விட்டுவிடாதீர்கள். என் கணக்கில் தமிழ்நாட்டில் ஒரே ஒரு சிற்பம்தான் பார்க்க முடியும் என்றால் இதுதான்.

தரங்கம்பாடி பாதி நாள் போதும். 1620-இல் டேனியர் கட்டிய கோட்டையும், கடல் தின்று மிச்சம் வைத்த மாசிலாமணிநாதர் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சானது இந்தச் சின்ன ஊரில்தான்.

ராமேஸ்வரத்தில் வரிசைமுறை முக்கியம். அதிகாலை 5 மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம், அது காய்ந்த துணியோடு. பிறகு அக்னி தீர்த்தம், அதாவது கடல். அதன்பின் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே 22 தீர்த்தம். கிணற்று மேட்டில் நிற்பவர் வாளியால் மொண்டு தலையில் ஊற்றுவார். ஈர உடையோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுத் துணி அவசியம். பிராகாரக் கல் முழுக்க ஈரம், வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்களைக் கடலோடு நிறுத்திவிட்டு, காய்ந்த துணியில் நேரே தரிசனத்துக்கு அனுப்புங்கள். கைபேசி உள்ளே கூடாது, விடுதியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மாலையில் தனுஷ்கோடி. 1964 டிசம்பரில் புயல் அழித்த ஊர். இடிந்த தேவாலயச் சுவர் இன்னும் நிற்கிறது. இருட்டுவதற்குள் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

திருச்செந்தூரிலும் ஆண்களுக்குச் சட்டை கிடையாது. ராசகோபுரம் மேற்கே இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், கிழக்கே கடல். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு, அங்கிருந்து 133 அடி திருவள்ளுவர் சிலைக்கு இப்போது கண்ணாடிப் பாலத்தில் நடந்தே போகலாம்.

வீட்டில் இந்து அல்லாத மருமகனோ மருமகளோ இருந்தால் முன்பே சொல்லிவைப்பது நல்லது: சில கோயில்களில் கொடிமரத்தோடு நிறுத்துவார்கள். அரைக்கால் சட்டை எங்கும் வேண்டாம்.

வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள். இடப்பக்கம்தானே என்று தோன்றும், ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே வரும் பேருந்து உங்கள் கணக்குக்குள் வராது. டிராவல்ஸ் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு, ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று போடுவார்கள். டிரைவர் பேட்டா, சுங்கம், பார்க்கிங் தனி. இதை முதலிலேயே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். சின்னக் கடைகளில் எல்லாம் பணம் வாங்குவது கைபேசியில் ஸ்கேன் செய்யும் கியூஆர் அட்டையில்தான், வெளிநாட்டு வங்கி அட்டை செல்லாது. நூறு ரூபாய்த் தாள்களாக வைத்திருங்கள்.

முப்பாட்டனார் ஊரையும் தேட வேண்டும் என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வேலையைக் கிளம்புவதற்கு முன்பே மொரீஷியஸில், மோக்காவில் முடியுங்கள். மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களில் குடியேறியவர் எண், கப்பல், ஊர், மாவட்டம் எல்லாம் கிடைக்கும். ஆனால் அதில் தென்னாற்காடு என்று இருந்தால் இன்றைக்கு அது கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என மூன்று மாவட்டம். தஞ்சாவூர் என்றால் திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறையையும் சேர்த்துத் தேட வேண்டும். ஊர்ப் பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும் என்பதால் தாலுகா பெயர் இல்லாமல் வண்டியைத் திருப்பாதீர்கள்.