கேள்வி பதில்: கோலாலம்பூரில் ஒரு பகல்

கேள்வி: வேறு நாட்டு முஸ்லிம் கலைஞர்களோடு மலேசியா போய் வந்தீர்களாமே. ஊர் சுற்றிய நாளைப் பற்றிச் சொல்லுங்கள். பள்ளிவாசல் பள்ளிவாசலாகத்தான் திரிந்தீர்களா?
வாசகி, நீராவிப்பிட்டி

பதில்: பாதி அப்படித்தான் தங்கச்சி. கண்காட்சிக்கு நடுவில் ஒரு நாள் ஓய்வு. இரட்டைக் கோபுரம், கடைத்தொகுதி என்று எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றத் தயாராக இருந்தார்கள், நாங்கள் நாலு பேர் நழுவிவிட்டோம். பத்திக் துணி வரையும் இந்தோனேசியர், பொஸ்னியாவில் இருந்து வந்த எழுத்தணிக்காரர், நைஜீரியாவில் தோல் வேலை செய்யும் ஒரு பெண், அப்புறம் வவுனியாவில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைக்கும் நான். மூன்று இடத்துக்கு மேல் வேண்டாம் என்று முதலே கதைத்து வைத்தது நல்லதாய்ப் போயிற்று, ஏனென்றால் முதல் இடத்திலேயே லுஹர், அதாவது மத்தியானத் தொழுகை நேரம் வந்துவிட்டது.

அது இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். 1998இல் திறந்தது. உள்ளே ஓரிடத்தில் நிமிர்ந்து பார்த்தால் குவிமாடம் தலைகீழாக இருக்கிறது, வயிறு நம் பக்கம். பள்ளிவாசல் மாதிரிகள் மட்டும் வைத்த கூடம் ஒன்று, பழைய ஒஸ்மானிய வீட்டு அறை ஒன்று, அதெல்லாம் எல்லோரும் பார்ப்பதுதான். நாங்கள் மாட்டிக்கொண்டது குர்ஆன் பிரதிகளிடம். மலேசியாவின் திரெங்கானு மாநிலத்தில் எழுதப்பட்டவற்றின் பக்க ஓரத்தில் சிவப்பும் பொன்னும் கொடியாக ஓடுகின்றன, பத்திக்காரர் அதை விட்டு நகரவே இல்லை. பொஸ்னியாக்காரரோ சீனப் பிரிவில் நின்றார். சீன முஸ்லிம்கள் எழுதும் அரபு எழுத்து வேறு சாதி, ஒரு கோடு தடித்து வந்து, வாலில் மயிரிழையாய் முடியும். நாணல் பேனாவில் எழுதுகிறவர்கள் எழுத்தைப் புள்ளியால் அளப்பார்கள். பேனா முனையைத் தாளில் சாய்த்து வைத்து எடுத்தால் ஒரு சாய்சதுரப் புள்ளி விழும், துலுத் என்ற எழுத்து வகையில் அரபின் முதல் எழுத்தான அலிஃப் அப்படி ஏழு புள்ளி உயரம். அந்தக் கணக்கு சீன எழுத்துக்குப் பொருந்துமா என்று கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று மெல்லிய குரலில் சண்டை, காவலர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். நான் தனியாகப் போயிருந்தால் "ஆ, வடிவான குர்ஆன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கூடத்துக்கு நடந்திருப்பேன்.

பக்கத்திலேயே தேசியப் பள்ளிவாசல், 1965இல் திறந்தது. கூரை விரித்த குடை, 73 மீட்டர் மினாரா கோபுரம் மடக்கிய குடை, கட்டியவர்கள் நினைத்ததே அதுதான். ஜமாஅத், அதாவது கூட்டுத் தொழுகை முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தோம். குறுகிய காலப் பயணம் என்பதால் நானும் இந்தோனேசியரும் லுஹரையும் பின்னேரத் தொழுகையான அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதுவிட்டோம், நாங்கள் பின்பற்றும் சட்ட வழியான ஷாஃபி மத்ஹபில் அதற்கு இடம் உண்டு. நைஜீரியச் சகோதரி மாலிக்கி மத்ஹப், அவருக்கும் பிரச்சினை இல்லை. பொஸ்னியாக்காரர் ஹனஃபி மத்ஹப். சுருக்குவார், சேர்க்கமாட்டார். ஆகவே அஸருக்கு அவருக்காக இன்னொரு பள்ளிவாசல் தேடவேண்டும், அதனால்தான் மஸ்ஜித் ஜாமிக் போனோம், இல்லாவிட்டால் தவறவிட்டிருப்போம்! இரண்டு ஆறு சேரும் இடத்தில், தென்னைகளுக்கு நடுவே, சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக நிற்கிறது. 1909இல் திறந்தார்கள், வரைந்தவர் ஹப்பேக் என்ற ஆங்கிலேயர். முகலாயக் குவிமாடத்தை ஆங்கிலேயன் மலாய் மண்ணில் கட்டியிருக்கிறான், அந்தப் படிக்கட்டில் நாங்கள் நாலு தேசத்துக்காரர் காலை நீட்டிக்கொண்டு இருந்தோம்.

அங்கிருந்து நடக்கிற தூரம்தான் மஸ்ஜித் இந்தியா. வெள்ளிக்கிழமை குத்பா பிரசங்கம் தமிழில் நடக்கும் பள்ளி. தெருவில் துணிக்கடை, அத்தர், பூ, எல்லாவற்றுக்கும் மேலே தமிழ் வியாபாரக் குரல். தேத்தண்ணி கடைக்காரர் ராமநாதபுரம் பக்கம், "இலங்கையில எங்க?" என்றார், வவுனியா என்றதும் "யாழ்ப்பாணமா?" என்றார். வன்னிக்காரருக்கு இது புதிதா என்ன.

கேள்வி: அரபி எழுத்தில் மலாய் எழுதுவார்கள் என்கிறார்களே, உங்களால் வாசிக்க முடிந்ததா?
வாசகர், சாளம்பைக்குளம்

பதில்: வாசிக்கலாம், ஆனால் ஒன்றும் விளங்காது. தெருப்பெயர்ப் பலகைகளிலேயே அந்த எழுத்து உண்டு, ஜாவி என்பார்கள். அரபியில் இல்லாத 'ச' (ch), 'ங' (ng), 'ப' (p) ஒலிகளுக்குப் புள்ளி கூட்டி எழுத்து செய்திருக்கிறார்கள். அரபு எழுத்தில் தமிழை எழுதும் நம் அரபுத்தமிழும் இதே வேலையைத்தான் செய்தது. எங்கள் வீட்டில் பெரியம்மா ஓதும் மவ்லிதுக் கிதாபு, நபி புகழ் பாடும் புத்தகம் ஒன்று அப்படி இருந்தது, 1990 ஒக்டோபரில் புலிகள் முஸ்லிம்களை வடக்கில் இருந்து விரட்டியபோது உடுத்த உடுப்போடு போனவர்கள் கிதாபையா தூக்குவார்கள். இதைச் சொன்னதும் இந்தோனேசியர் என் கொப்பியை வாங்கி, ஜாவியில் தன் பெயரை எழுதி, அதன் கீழ் அரபுத்தமிழில் என் பெயரை எழுதச் சொன்னார். 'ழ'வில் நான் தடுமாறினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய கிதாபு ஏதும் கிடந்தால் கறையான் தின்ன முதல் போனிலாவது படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: இஸ்லாத்தில் உருவம் வரையக்கூடாதே. பிறகு என்ன ஓவியர்?
வாசகர், செட்டிகுளம்

பதில்: மார்க்க அறிஞர்களான ஆலிம்களிடையே இதில் ஒரே கருத்து இல்லை. பள்ளிவாசல் சுவரில் உருவம் இருக்காது, அது சரி. அரண்மனைக்கு வரைந்த முகலாய ஓவியங்களில் ராஜா, யானை, வேட்டை எல்லாம் உண்டே. எங்கள் நாலு பேரில் ஒருவர் எழுத்தைத் தவிர வேறெதையும் தொடமாட்டார், இன்னொருவர் முகங்களை மட்டுமே வரைவார். ஒரே மேசையில் சாப்பிட்டோம்.

கேள்வி: நான் சைவம். ஓவிய ஆசிரியர். அங்கே போனால் உள்ளே விடுவார்களா?
வாசகி, கிளிநொச்சி

பதில்: அருங்காட்சியகத்துக்கு யாரும் போகலாம் ரீச்சர். தேசியப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் தவிர மற்ற நேரம் வெளியாட்களை விடுகிறார்கள், வாசலில் ஊதா நிற அங்கி தருவார்கள், போட்டுக்கொண்டு போகவேண்டியதுதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் வேண்டாம். நம் நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் முந்தி ஓடும் ஊர், மணிக்கூட்டை மாற்றிவிட்டுப் புறப்படுங்கள்.