வாசகர் கேள்வி: ஆறு எரிந்த ஊர்

கேள்வி: மகள் அமெரிக்காவில் கிளீவ்லாந்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அங்கே ஆறே தீப்பிடித்து எரிந்ததாமே, நிஜமா? தியாகராஜர் ஆராதனை நடக்கிற ஊர்தானே அது?
– வாசகி, செல்லூர், மதுரை

பதில்: அதே ஊர்தான் அம்மா, 1978-லிருந்து ஆராதனை நடக்கிறது. எரிந்ததும் நிஜம். குயஹோகா ஆற்றில் ஆலைகள் விட்ட எண்ணெய்க் கழிவும் மரக்கட்டைகளும் மிதந்ததில் 1969 ஜூன் 22 அன்று ரயில் பாலத்தடியில் தீப்பிடித்தது. அரை மணி நேரத்தில் அணைத்துவிட்டார்கள், படமெடுக்கக்கூட ஆள் வந்து சேரவில்லை; டைம் பத்திரிகை பிறகு போட்டது 1952-ல் அதே ஆறு எரிந்த படம்! ஆமாம், அதற்கு முன்பே பல தடவை எரிந்திருக்கிறது, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இந்தத் தடவை மேயர் கார்ல் ஸ்டோக்ஸ் (பெரிய அமெரிக்க நகரமொன்றுக்குத் தேர்வான முதல் கறுப்பின மேயர்) மறுநாளே நிருபர்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். 1968-லேயே ஆற்றைச் சுத்தப்படுத்த 10 கோடி டாலர் கடன் வாங்க ஊர் மக்கள் ஓட்டுப்போட்டுச் சம்மதித்திருந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். நம் மதுரையில் சாக்கடை கலந்து ஓடும் பந்தல்குடி கால்வாய்க்காக நம்மிடம் அப்படி யாராவது ஓட்டுக் கேட்டிருக்கிறார்களா? 1972-ல் நாடு முழுவதற்கும் தூய நீர்ச் சட்டம் வந்ததற்கு இந்தத் தீயும் ஒரு காரணம்.

அப்புறம், 1914-ல் ஃபிரடெரிக் காஃப் என்ற வங்கிக்காரர், ஊர்க்காரர்கள் விட்டுப்போகும் சொத்தை ஒரே நிதியாகச் சேர்த்து ஊருக்கே செலவிடும் அறக்கட்டளையை அங்கேதான் தொடங்கினார், உலகத்திலேயே அதுதான் முதல். 1916-ல் திறந்த கலை அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, மகளை ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள்.