போலந்தும் லித்துவேனியாவும்: 184 ஆண்டுகள் இழுத்த சம்பந்தம்

கேள்வி: இந்த இரு நாடுகளும் 1385இல் இணைந்ததாக ஓரிடத்திலும், 1569இல் இணைந்ததாக இன்னோரிடத்திலும் படித்தேன். எது சரி?

பதில்: இரண்டும் சரி. 1385இல் நடந்தது நிச்சயதார்த்தம். பத்திரம் பதிவானது 1569இல். நடுவே 1401, 1413, 1501 என்று மறுபடி மறுபடி ஒப்பந்தங்கள். முதல் கையெழுத்து நின்றிருந்தால் மற்றவற்றுக்கு என்ன வேலை?

கேள்வி: நிச்சயதார்த்தம் என்று வேடிக்கையாகச் சொல்கிறீர்களா?

பதில்: பாதிதான் வேடிக்கை. போலந்தின் அரியணையில் இருந்த யாத்விகாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது கூட நிரம்பியிருக்குமா என்பது சந்தேகம். அவருக்கு முடிசூட்டியதே 'அரசி' என்றல்ல, 'அரசர்' என்று. ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்து வில்லியமுக்கு அவரைக் குழந்தைப் பருவத்திலேயே பேசி வைத்திருந்தார்கள். அந்தப் பேச்சை முறிப்பதற்கு 2,00,000 ஃபுளோரின் (பொற்காசு) நஷ்டஈடு தருவதாக லித்துவேனிய ஆட்சியாளர் யோகைலா ஒப்புக்கொண்டார். இன்றைய பெலாரஸில் இருக்கும் கிரேவோ கோட்டையில், 1385 ஆகஸ்ட் 14 அன்று எழுதிய வாக்குறுதி அது. தானும் தன் மக்களும் கத்தோலிக்கராவதாகவும் சொன்னார். டியூட்டானிக் வீரத்துறவிகள், அதாவது சிலுவைப் போர் நடத்திய ஜெர்மானியத் துறவிப் படையினர், 'கிறிஸ்தவர் அல்லாதவர்கள்' என்று சொல்லியே லித்துவேனியா மீது படையெடுத்து வந்தார்கள். ஞானஸ்நானம் அந்தச் சாக்கைப் பறித்துவிடும். 1386 பிப்ரவரியில் ஞானஸ்நானம், மூன்றே நாளில் யாத்விகாவோடு திருமணம், மார்ச்சில் போலந்து அரசராக முடிசூட்டு.

வம்பு அந்த ஆவணத்தின் ஒரு லத்தீன் சொல்லில் இருக்கிறது: தன் நிலங்களைப் போலந்து முடியோடு 'அப்ளிக்காரே' செய்வதாக யோகைலா எழுதினார். கரைத்துவிடுவது என்றார்கள் போலந்துக்காரர்கள். பக்கத்தில் சேர்த்துக்கொள்வது என்றார்கள் லித்துவேனியர்கள். வரலாற்றாசிரியர்களின் சண்டை இன்னும் ஓயவில்லை.

கேள்வி: யோகைலாவின் உறவினர் வீட்டவ்டாஸ் இதற்கு எதிரியா, ஆதரவாளரா?

பதில்: காற்றடிக்கும் திசையைப் பொறுத்து! இரண்டு முறை டியூட்டானிக் வீரர்களிடமே போய்ச் சேர்ந்தவர். 1392இல் லித்துவேனிய நிர்வாகம் கைக்கு வந்ததும் அடங்கினார். 1410இல் இருவரும் சேர்ந்து கிரன்வால்டில் அதே வீரர்களை முறியடித்தார்கள். முதுமையில் தனக்கே ஒரு மணிமுடி வேண்டும் என்று ஆசைப்பட்டார். போலந்துப் பிரபுக்கள் விடவில்லை. முடி வந்து சேரும் முன் 1430இல் இறந்துபோனார்.

கேள்வி: 1413இல் குடும்பச் சின்னங்களையே பங்கிட்டுக் கொடுத்தார்களாமே?

பதில்: ஆம், ஹொரோட்லோவில். போலந்துப் பிரபுக் குடும்பங்கள் 47 லித்துவேனியக் குடும்பங்களைத் தங்கள் சின்னத்துக்குள் தத்தெடுத்தன. கத்தோலிக்கருக்கு மட்டும். கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்த ஆர்த்தடாக்ஸ் பிரபுக்கள் வாசலிலேயே நின்றார்கள்.

கேள்வி: எப்போதும் ஒரே அரசர்தானே?

பதில்: இல்லை. 1492இல் இரு நாடுகளையும் ஆண்ட, யோகைலாவின் மகன் காசிமிர் இறந்ததும் ஒரு மகனுக்குப் போலந்து, இன்னொருவருக்கு லித்துவேனியா.

கேள்வி: 1569 ஒப்பந்தம் நடந்த போலந்து நகரான லுப்ளினில் லித்துவேனியாவை மிரட்டித்தான் பணிய வைத்தார்கள் என்கிறேன். மறுப்பீர்களா?

பதில்: பாதி மறுப்பேன். மிரட்டல் இருந்தது. 1569 மார்ச்சில் லித்துவேனியத் தலைவர்கள் சொல்லிக்கொள்ளாமல் லுப்ளினை விட்டுக் கிளம்பினார்கள். மன்னர் சிகிஸ்மண்ட் அகஸ்டஸ் போட்லாசி, வொலினியா, பிராட்ஸ்லாவ், கீவ் பகுதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போலந்தோடு சேர்த்துவிட்டார். இனி எஞ்சுவதையாவது காப்போம் என்று திரும்பி வந்தார்கள்; ஜூலை 1இல் கையெழுத்து. ஆனால் 1563இல் லித்துவேனியாவின் போலோட்ஸ்க் நகரை ரஷ்ய ஜார் இவான் பிடித்தபின் தனியாகப் போரிட லித்துவேனியாவால் முடியவில்லை. மன்னருக்கோ பிள்ளை இல்லை. அவர் போனால் இருந்த ஒரே கயிறும் அறும். போலந்துப் பிரபுக்களுக்கு இருந்த உரிமைகள் மீது லித்துவேனியச் சிறு பிரபுக்களுக்கே ஒரு கண் இருந்தது. பெருங்குடும்பங்களின் வருத்தத்தை நாடு முழுவதன் வருத்தமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அதோடு லித்துவேனியா மறைந்துவிட்டதா?

பதில்: அரசரும் நாடாளுமன்றமும் பொது, கருவூலம், படை, சட்டம், அதிகாரிகள் தனி. 1588இல் ருத்தேனிய மொழியில் (இன்றைய பெலாரஸ், உக்ரேனிய மொழிகளின் மூதாதை) தன் மூன்றாம் சட்டத்தொகுப்பை லித்துவேனியா வெளியிட்டது. அங்கே நிலமும் பதவியும் பெறப் போலந்துக்காரருக்கு லுப்ளின் திறந்த கதவை அது மறுபடி சாத்திவிட்டது.