கவசத்துக்கு முன் சட்டை

லெஸ்டரில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "15ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரியணைக்காக நடந்த ரோஜாப் போர்க் காலத்தை நடித்துக் காட்டும் குழு ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக வில்லாளியாக இருக்கிறேன். இப்போது முழுத் தகட்டுக் கவசம் செய்யக் கொடுக்க விரும்புகிறேன். 1471 டியூக்ஸ்பரி, 1485 பாஸ்வர்த் இரண்டு போர்களுக்கும் ஒரே கவசம் போதுமா? கொல்லரிடம் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?"

ஒன்றே போதும், 1471க்குப் பொருந்துமாறு செய்தால். பதினான்கு ஆண்டு பழைய கவசத்தை ஒருவர் பாஸ்வர்த்தில் அணிந்திருப்பது இயல்பு. 1485இல் புதிதாக வந்த பாணியை டியூக்ஸ்பரிக்குக் கொண்டுபோனால், தெரிந்தவர்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்து, ஒரே ஒரு மூலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மிலான் தோள், ஜெர்மன் கையுறை, படத்தில் பார்த்துப் பிடித்த தலைக்கவசம் என்று பொறுக்கிச் சேர்த்தால், ஒரு துண்டின் விளிம்பு இன்னொன்றில் இடிக்கும். உங்களுக்கு அருகிலேயே பொக்கிஷம் இருக்கிறது. வாரிக் நகரின் புனித மேரி தேவாலயத்தில் ரிச்சர்ட் பீச்சாம் பிரபுவின் கல்லறை மேல் பொன்முலாம் பூசிய உலோக உருவம் கிடக்கிறது. 1450களில் வார்த்தது, இத்தாலியப் பாணிக் கவசத்தை அப்படியே காட்டுகிறது. யாரும் பார்க்க முடியாத முதுகுப் பக்கத்திலும் வார், கொக்கி, கீல் எல்லாவற்றையும் செதுக்கியிருக்கிறார்கள். கவசம் உடம்பில் எப்படிப் பூட்டப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சிற்பம் எனக்குத் தெரியாது. முதுகின் படங்களையும் தேடியெடுத்துக் கொல்லருக்குக் கொடுங்கள். அசல் இரும்பைப் பார்க்க லீட்ஸில் ராயல் ஆர்மரிஸ், லண்டனில் வாலஸ் கலெக்ஷன், கிளாஸ்கோவில் கெல்வின்குரோவ் என்று மூன்று அருங்காட்சியகங்கள் உண்டு. கெல்வின்குரோவில் உள்ள 1440 வாக்கிலான மிலான் கவசத்துக்காகவே ஒருமுறை போய்வரலாம்.

இனி, பலரும் தவறவிடும் இடம். கொல்லரைத் தேடுமுன் தையல்காரரைத் தேடுங்கள். தகட்டுக் கவசம் தானாக நிற்பதில்லை. உள்ளே போடும் சட்டையில் கட்டித்தான் நிற்கிறது. போர்வீரனுக்குக் கவசம் பூட்டும் முறையைச் சொல்லும் 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் குறிப்பு ஒன்று, சாட்டின் உள்துணி வைத்து, துளைகள் விட்ட ஃபஸ்டியன் என்ற தடித்த துணிச் சட்டையில்தான் தொடங்குகிறது. கட்டும் கயிறுகளுக்கு மெழுகு பூச வேண்டும் என்பது வரை அதில் இருக்கிறது. ஆகவே மெத்தை போல் பஞ்சு திணித்த சட்டை உங்கள் காலத்துக்கு வேண்டாம். உடம்போடு ஒட்டி, இடுப்பில் இறுக நிற்கும் சட்டை வேண்டும். அதைப் போட்டுக்கொண்டுதான் அளவு கொடுக்க வேண்டும்.

என் முதல் கவசத்துக்கு டி-சர்ட்டோடு நின்று அளவெடுத்து அனுப்பினேன். வந்த மார்புத் தகடு இரண்டு அங்குலம் இறங்கி நின்றது. உட்கார்ந்தால் கீழ்விளிம்பு தொடையில் முட்டித் தகடு முழுவதும் தொண்டையை நோக்கி ஏறியது. இடுப்பு என்று நான் காட்டிய இடமே தவறு. வேட்டியோ பேன்ட்டோ நிற்கும் இடம் கவசத்தின் இடுப்பு அல்ல. பக்கவாட்டில் குனிந்தால் எங்கே மடிப்பு விழுகிறதோ, அதுதான் இடுப்பு. மார்புத் தகடு அங்கே குறுகி உட்கார்ந்தால் பாரம் இடுப்பெலும்புக்கு இறங்கும். இல்லாவிட்டால் முழுவதும் தோளில் தொங்கும்.

காலுக்கும் இதே கவனம் தேவை. 2011இல் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவசம் பூட்டியவர்களை ஓடுபொறியில் (டிரெட்மில்) நடக்கவிட்டு அளந்தார்கள். செலவான ஆற்றல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதற்கு ஒரு முக்கியக் காரணம், ஒவ்வோர் அடிக்கும் தூக்கிவீச வேண்டிய காலின் பாரம். மார்புத் தகடு மூச்சை முழுதாக இழுக்கவிடாததும் சேர்ந்துகொள்கிறது. எனவே கெண்டைக்கால் கவசம் மெலிந்து, உங்கள் கெண்டையின் வளைவை அப்படியே பின்பற்ற வேண்டும். வெறும் குழாயாக உருட்டித் தருபவரிடம் முழுக் கவசம் கொடுக்காதீர்கள். ஒரு கொல்லரின் கைத்திறனை அறிய நான் முதலில் பார்ப்பது அவர் செய்த கெண்டைக்கால் துண்டைத்தான்.

உலோகத்தைப் பொறுத்தவரை, மைல்டு ஸ்டீல் என்ற சாதாரண மென் எஃகு வேலைக்கு எளிது, விலை குறைவு. பதப்படுத்திய ஸ்பிரிங் ஸ்டீல் மெலிதாக இருந்தும் நசுங்காது. பணம் இருந்தால் கைகால்களுக்கு அதையே கேளுங்கள். எவர்சில்வர் துருப்பிடிக்காதுதான், ஆனால் அதன் நிறமும் மினுக்கும் வேறு. எல்லாத் துண்டும் ஒரே கனத்தில் வேண்டாம். அசல்களில் மார்பின் நடுவும் தலையின் முன்புறமும் கனமாகவும், பின்புறமும் கைகால்களும் மெலிந்தும் இருக்கும். முழுவதும் 20 முதல் 25 கிலோவுக்குள் நிற்க வேண்டும். முழு வேகத்தில் மோதும் விளையாட்டுக்கான கவசம் இதைவிடக் கனமானது, ஆகவே எதற்காகச் செய்கிறீர்கள் என்பதை முதல் கடிதத்திலேயே எழுதுங்கள்.

டேராடூனில் ஆயத்தமாகச் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் கவசங்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. பொது அளவில் செய்தவை என்பதால் முழுக் கவசமாக வாங்கச் சொல்ல மாட்டேன்.

பணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். அட்வான்ஸ், முதல் பொருத்திப் பார்த்தல், ஒப்படைப்பு என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். எஃகு வகை, துண்டுவாரியாகக் கனம், மூலப் படங்கள், தேதி நான்கும் தாளில் இருக்கட்டும். நல்ல கொல்லர் ஓராண்டுக்கு மேல் காத்திருக்கச் சொல்வார், காத்திருங்கள். மெருகேற்றுமுன் ஒருமுறையாவது நேரில் போய் உங்கள் சட்டையையும் காலணியையும் போட்டுக்கொண்டு பூட்டிப் பாருங்கள். இரு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள், நாற்காலியில் உட்காருங்கள், படியேறுங்கள், தரையில் மல்லாந்து படுத்து எவர் உதவியும் இல்லாமல் எழுந்திருங்கள். எங்கே கடிக்கிறதோ அங்கே சாக்பீஸால் குறி போட்டுக் கொல்லர் கையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.