கணவரின் வேலையையும் டாக்டரிடம் சொல்லுங்கள்

சகோதரி, கணவர் பெயின்ட் ஸ்ப்ரே பட்டறையில் இருக்கிறார், குழந்தைக்காகச் செய்த ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் சிகிச்சை) இரண்டு முறை தோற்றும் டெஸ்ட் எல்லாம் உங்களுக்கே என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது. பழியை நீங்கள் மட்டும் சுமக்காதீர்கள்.

தின்னர் ஆவி, ஈயம், பூச்சிமருந்து எல்லாமே விந்தணுவைப் பாதிக்கக்கூடியவை. எண்ணிக்கையும் ஓட்டமும் நார்மல் என்றாலும் உள்ளே டிஎன்ஏ சிதைந்திருக்கலாம்; வழக்கமான விந்துப் பரிசோதனையில் அது தெரியாது. அதற்குத் தனி டெஸ்ட் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

ஒரு விந்தணு உருவாகவே ஏறக்குறைய 74 நாள் ஆகும். அதனால் அடுத்த முயற்சிக்கு முன் குறைந்தது 3 மாதம் அவர் ஸ்ப்ரே வேலையிலிருந்து விலகியிருந்தால் நல்லது. முடியாவிட்டால் துணி மாஸ்க் போதாது, ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். தின்னரில் கை கழுவும் பழக்கத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். உங்களுக்கு வயது 35 தாண்டியிருந்தால் மட்டும், காத்திருப்பதை டாக்டரிடம் கேட்டு முடிவெடுங்கள்.